மடி போதும் என்றார்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி சுரேஷ் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு படம் போட்டான். காரின் முன் இருக்கையில் அவன் மனைவி வினிதா. அவள் மடியில் இரண்டு வயது இனியா. பெல்ட் வினிதாவுக்கு மட்டும்தான். இனியா இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். இடது புருவத்துக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. படத்துக்குக் கீழே சுரேஷ் எழுதியிருந்தான்: "பொன்முடி ட்ரிப். ஃபுல் ஜாலி."

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இதே காரில், இதே சாலையில், இதேபோல் மடியில் உட்கார்ந்து போனபோதுதான் வந்தது. சரியாக ஒரு வருடம் ஆகிறது. அப்படியும் சித்தி ஒரு இதயம் போட்டிருந்தாள். மாமா பூங்கொத்து போட்டிருந்தார். அம்மா, "என் தங்கக் குடம்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

எனக்கு இங்கே வின்னிபெக்கில் அப்போது காலை. மகள் தியாவை நீச்சல் வகுப்புக்குக் கிளப்பிக்கொண்டிருந்தேன். காரில் அவளுடைய சீட்டின் வாரை மாட்டிவிட்டுப் போனைப் பார்த்தேன். பார்த்த கோபத்தில் வண்டியை எடுக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "லேட் ஆகுது அம்மா" என்று பின்னாலிருந்து தியா ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் தொனி பிடிக்காமல் போகலாம். போகட்டும்.

2

நான் திருவனந்தபுரம் ஆரியசாலைக்காரி. அப்பா அங்கே புளியும் வத்தலும் மொத்தமாக விற்றார். இப்போது கடை சுரேஷ் கையில். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாணமாகி இந்தக் குளிர் தேசத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன்.

வெளிநாட்டுக்குப் போனவள் அங்கே போன கையோடு புத்திசாலி ஆகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். தியா பிறந்த மூன்றாம் நாள் எங்களை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நேரத்தில் நர்ஸ் வந்து கேட்டாள், "சீட் எங்கே?"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, காரில் குழந்தையை வார் போட்டு உட்கார வைக்கும் தனி இருக்கை. "அதெல்லாம் வேண்டாம். வீடு பத்து நிமிஷம்தான். நான் மடியில் வைத்துக்கொள்வேன்" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. "சீட் வரும் வரைக்கும் நீங்கள் இந்த அறையிலேயே இருக்கலாம். நான் அவசரப்படுத்த மாட்டேன்" என்றாள். என் கணவர் கணேஷ் பனிக்குள் கடைக்கு ஓடினார். திரும்பி வர இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் எனக்குள் கோபம் கொதித்தது. என் பிள்ளையை என் மடியில் வைக்கக் கூடாது என்று சொல்ல இவள் யார்? பெற்றவள் நான்.

தியா வளர்ந்து, பின்பக்கம் பார்த்திருந்த சீட்டை முன்பக்கம் திருப்பி வைக்கும் காலம் வந்தது. சரியாக மாட்டியிருக்கிறோமா என்று பார்த்துச் சொல்ல ஒரு தீயணைப்பு நிலையத்தில் ஆள் உண்டு என்றார்கள். போனேன். அங்கிருந்த பெண் சீட்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். ஒரு சாண் நகர்ந்தது. பிறகு என்னிடம் ஏதோ கேட்டாள். "ஃபாதர் எங்கே?" என்று என் காதில் விழுந்தது.

"வேலைக்குப் போயிருக்கிறார்" என்றேன்.

அவள் கேட்டது "டெதர்". சீட்டின் முதுகிலிருந்து காரின் பின்புறக் கொக்கிக்குப் போகும் வார். அப்படி ஒரு வார் இருப்பதே எனக்குத் தெரியாது. சீட்டுக்குப் பின்னால் சுருட்டின சுருட்டு அவிழாமல் கிடந்தது. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காருக்குள் ஏறி, முழங்காலைச் சீட்டில் அழுத்தி, முழு பலத்தையும் கொடுத்து பெல்ட்டை இழுத்தாள். மேல் வாரைக் கொக்கியில் மாட்டினாள். பிறகு என்னை ஆட்டச் சொன்னாள். கார் ஆடியது, சீட் ஆடவில்லை.

வீடு வரும் வழியெல்லாம் அவமானத்தில் அழுதேன். அன்றைக்கே உட்கார்ந்து சீட்டோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். என் அறிவு அவ்வளவுதான். அதற்கு முன் நானும் சுரேஷும் ஒரே ஆள்தான்.

3

போன வருடம் ஒரு மாத விடுப்பில் திருவனந்தபுரம் போனேன். கணேஷுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் தியாவும் மட்டும். தியாவின் சீட்டைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

விமான நிலையத்திலேயே சுரேஷ் தொடங்கிவிட்டான். "எந்தாக்கா இது, சிம்மாசனமா?"

அவனுடைய பழைய காரில் அதை மாட்ட இருபது நிமிஷம் ஆயிற்று. வேர்த்து ஊற்றியது. அவன் வாட்சைப் பார்த்தபடி நின்றான். "அக்கா, இதொக்கெ அவிடத்த ரோட்டுக்கு. நூத்தி இருபதுல போவாங்க. இங்க நாப்பதைத் தாண்டினா பெரிய காரியம். எந்துக்கு இந்தப் பாடு?"

வீட்டில் அம்மா, "ஒங்க ரெண்டு பேரையும் நான் மடியில வச்சுதான் வளத்தேன். ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். விருந்தாளியாகப் போன இடத்தில் முதல் வாரமே சண்டை வேண்டாம் என்று இருந்தேன்.

ஆனால் ஒவ்வொரு முறை காரில் ஏறும்போதும் தியா அவளுடைய சீட்டில் இருப்பாள், அப்போது ஒரு வயது முடிந்திருந்த இனியா வினிதாவின் மடியில் இருப்பாள். வினிதா பாறசாலைப் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். நாத்தனாரான என்னை அவர்கள் ஊர் வழக்கில் மைனி என்பாள். நான் தியாவின் வாரை இழுத்துச் சரிசெய்வதையும், தோள்பட்டையில் விரலால் கிள்ளிப் பார்ப்பதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் மெதுவாகக் கேட்டாள், "அது எதுக்கு மைனி கிள்ளிப் பாக்கது?"

"வாரைக் கிள்ளினா மடிப்பு வரக்கூடாது. வந்தா லூஸ்னு அர்த்தம்."

தலையாட்டினாள். அன்று சாயங்காலமே நான் சுரேஷை வற்புறுத்தி இனியாவுக்கும் ஒரு சீட் வாங்கலாம் என்று நகரத்தில் ஒரு பெரிய குழந்தைப் பொருள் கடைக்கு இழுத்துப் போனேன்.

கடைக்காரப் பையன் முதலில் எடுத்துக் காட்டியது மெத்தை வைத்துத் தைத்த ஒரு துணி. இரண்டு பட்டை. அதை இருக்கையின் தலைப்பக்கத்தில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். "இதாணு மேடம் இப்ப எல்லாரும் வாங்குறது. மடக்கி பேக்ல வைக்காம்." மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாமாம். சோதித்துப் பார்த்ததற்கான முத்திரை எங்கே என்று கேட்டேன். அவன் சுரேஷைப் பார்த்தான். முத்திரை இல்லை. அந்தத் துணியில் பூனை படம்தான் இருந்தது.

மேல் தட்டில், தூசி படிந்து, ஒரே ஒரு சரியான சீட் இருந்தது. ஓரத்தில் சோதனை முத்திரையாக ஆரஞ்சு நிற ஸ்டிக்கர். பின்பக்கம் பார்த்தும் வைக்கலாம், முன்பக்கம் பார்த்தும் வைக்கலாம். இறக்கச் சொன்னேன். சுரேஷ் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"அக்கா, இதையும் வச்சா அம்ம எங்க இருக்கும்? டிக்கியிலயா?"

கடைப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்தில் தொட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் சிரித்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடைக்கே கேட்கும்படி கத்தினேன். "உன் பிள்ளை, உன் இஷ்டம். இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வரும்போது திரும்பிப் பார்த்தேன். வினிதா அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இடுப்பில் இனியா. ஒரு கையால் அதன் வாரைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கைப்பையில் கார்டு இருந்தது. நான்கு எட்டு திரும்பி நடந்து அதை வாங்கி அவள் கையில் கொடுத்திருக்கலாம். தம்பி மானம் போகும், என் மானம் போகும், யார் ஜெயித்தது என்று ஆகும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு படியில் நின்றேன்.

4

அடுத்த ஞாயிறு பொன்முடி மலைக்குப் போனோம். முன்னால் சுரேஷ் ஓட்ட, அவனுக்குப் பக்கத்தில் அம்மா. பின்னால் சுரேஷுக்கு நேர் பின்னே தியா அவளுடைய சீட்டில். நடுவில் நான். என் இடதுபக்கம் வினிதா, மடியில் இனியா.

கிளம்பும்போது தியா கேட்டாள், ஆங்கிலத்தில்: "இனியாவுக்கு ஏன் சீட் இல்லை? அவள் பொம்மையா?"

அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். சுரேஷ் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். வினிதா இனியாவின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் முன்னால் சாலையைப் பார்த்தேன். வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னவள் அல்லவா.

மேலே மூடுபனி. தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்தோம். தட்டுக்கடையில் ஆம்லெட்டும் பால் விடாத கட்டன் சாயாவும். இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுரேஷ் நன்றாகத்தான் ஓட்டினான். அதை மறைக்கக் கூடாது. மெதுவாக, ஹாரன் அடித்து, கவனமாக ஓட்டினான். வளைவுகள் முடிந்து சாலை சமமானதும், "கழிஞ்சு. இனி வித்துரா வரைக்கும் நேர் ரோடு. உறங்குறவங்க உறங்கலாம்" என்றான்.

கொஞ்ச தூரத்தில் ரப்பர் மரத்தடி ஏற்றிய ஒரு லாரி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதற்காகவோ அது சட்டென்று நின்றது. சுரேஷ் பிரேக்கை மிதித்தான். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் லாரியின் பின்னால் இடித்தது.

பெரிய இடி இல்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். நாற்பதுக்கு மேல் போகவில்லை என்று சுரேஷ் சத்தியம் செய்கிறான். நம்புகிறேன். முன் விளக்கு உடைந்தது, பானெட் மடங்கியது. பெல்ட் போட்டிருந்த பெரியவர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தியாவின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது, அவ்வளவுதான்.

வினிதா இனியாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். இறுக்கமாகத்தான் பிடித்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தவள், பார்த்தவள். குழந்தை அந்தக் கைகளை விட்டு என் முகத்துக்கு முன்னால் பறந்து, இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் போய் மோதியது. என் கைக்கு எட்டும் தூரம். என் கை எழும்பவே இல்லை. திரும்பி வினிதாவைப் பார்த்தபோது அவள் கைகள் பிடித்த வாக்கிலேயே வளைந்து இருந்தன, உள்ளே குழந்தை இல்லாமல்.

பிறகு சத்தம். அம்மா அலறினாள். இனியா கொஞ்ச நேரம் அழவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

சாலையோரத்தில் எஸ்டேட் பஸ்ஸுக்காக ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் அரிசிப் பை. அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். எங்கள் அலறல் தமிழில் இருந்ததாலோ என்னவோ அவளும் தமிழில் பேசினாள். "தூக்காதம்மா, தூக்காத. தலையையும் கழுத்தையும் சேத்துத் தாங்கு. ஆட்டாத." வினிதாவுக்குக் கை வரவில்லை. அவளே குழந்தையைத் தாங்கி எடுத்தாள், தன் முந்தானையால் நெற்றியை அழுத்திப் பிடித்தாள், எதிரில் வந்த ஒரு ஜீப்பின் குறுக்கே போய் நின்று நிறுத்தினாள். ஜீப்பில் ஏறும்போதுதான் கேட்டாள், "மடியில வச்சா வந்தீங்க?"

அவள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

5

வித்துராவில் முதலுதவி. அங்கிருந்து நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி. தோள் எலும்பு முறிவு, மண்டை ஓட்டில் மெல்லிய விரிசல், நெற்றியில் தையல். நான்கு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். வாந்தி எடுத்தால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். இனியா ஒவ்வொரு முறை இருமும்போதும் நாங்கள் எழுந்து நின்றோம்.

முதல் நாள் ஆஸ்பத்திரி நடைபாதையில் வினிதா என்னிடம் கேட்டாள், "தியாவுக்கு ஒண்ணும் இல்லியே மைனி?"

"இல்ல வினிதா."

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தியாவை அவள் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "ஒரு கீறல்கூட இல்ல" என்றாள். பிறகு, "நல்லது" என்றாள். அடித்திருந்தால் தேவலை.

இரண்டாம் நாள் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். எழுதிக்கொண்டே வந்தவர் இனியாவைப் பற்றி வந்ததும் பேனாவை நிறுத்தினார். "குஞ்ஞு மடியில் ஆயிருந்நு அல்லே? அது எழுதண்டா. பின்னே நிங்ஙள்க்கு புத்திமுட்டாகும்." குழந்தை மடியில் இருந்ததை எழுத வேண்டாம், எழுதினால் உங்களுக்குத்தான் தொல்லை என்கிறார். அவர் செய்தது உதவி. சுரேஷ் கும்பிட்டு நன்றி சொன்னான்.

மூன்றாம் நாள் இன்ஷூரன்ஸ் ஆள். காரை நாலு பக்கமும் படம் எடுத்தார். பானெட், விளக்கு, பம்பர், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. நான் கூடப் போயிருந்தேன். "உள்ளே ஒரு குழந்தைக்கு அடிபட்டது" என்றேன். "அது இதில் வராது மேடம், இது வண்டிக்கு" என்றார். ஆக, எங்கள் காரில் ஒரு விளக்கு உடைந்தது என்பதற்கு இரண்டு இடத்தில் எழுத்து இருக்கிறது. ஒரு குழந்தை பறந்தது என்பதற்கு எங்கேயும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் விசாரிக்க வந்தபோது, "எல்லாம் விதி" என்றாள் அம்மா. எழுதாமல் விட்டதையெல்லாம் அந்த ஒரு சொல்லில் போட்டு மூடிவிடலாம். விதிக்கு முத்திரையும் ஸ்டிக்கரும் வேண்டாம்.

இனியா வீட்டுக்கு வந்த மறுநாள் நாங்கள் கிளம்ப வேண்டும். காலையில் கார் நின்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போய்த் தியாவின் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். வீட்டு முற்றத்தில் வைத்ததும் சுரேஷ் வந்தான். நான்கு நாளாகத் தூங்காத முகம். அவன் குரலில் கிண்டல் இல்லை.

"அக்கா, இத இங்க வச்சிட்டுப் போறியா? இனியாவுக்கு ஆகுமே."

ஒரு மாதமாக நான் கேட்கத் தவித்த வாக்கியம். அதற்கு நான் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. விபத்தில் ஒரு முறை அடி வாங்கிய சீட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே விரிசல் விட்டிருக்கும், அடுத்த இடியில் உடைந்துவிடும். அதை அவனிடம் சொன்னேன். "புதுசு வாங்கு, டே. நானே வாங்கித் தர்றேன்" என்றேன். "ம்" என்றான். அக்கம்பக்கத்தில் யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று காய்கறி அரியும் கத்தியால் வார்களை ஒவ்வொன்றாக அறுத்தேன். கெட்டியான வார். அறுக்க நேரம் பிடித்தது. அழுகையும் ஆத்திரமுமாக அறுத்தேன்.

பாதியில் நிமிர்ந்தபோது வினிதா உள்ளறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் கட்டுப் போட்ட இனியா அவள் தோள்மேல். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இத்தனை கோபத்துக்கும் எனக்குத் தகுதி இல்லை. அன்று விமான நிலையத்துக்கு டாக்சியில் போனோம். புதுச் சீட் வாங்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூரம் அதிகமில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். தியா என் மடியில் உட்கார்ந்து வந்தாள்.

6

திரும்பி வந்த பிறகு ஒரு வருடம் நான் செய்தது ஒன்றுதான். செய்தி அனுப்பினேன். எந்தச் சீட் நல்லது, எது கூடாது, எங்கே கிடைக்கும் என்று குடும்பக் குழுவில் போட்டுக்கொண்டே இருந்தேன். பொம்மை பறக்கும் சோதனை வீடியோக்கள் போட்டேன். ஆன்லைனில் நானே ஒன்று வாங்கி அனுப்பப் போகிறேன் என்றபோது சுரேஷ், "வேண்டாம்கா, இங்க நான் பாத்துக்கறேன்" என்று எழுதினான். மற்றபடி கட்டைவிரல் மட்டும் வரும். பிறகு அதுவும் வரவில்லை. பிறகுதான் அந்தப் படம்.

நீச்சல் வகுப்பு போகவில்லை. வீட்டுக்குள் வந்து சுரேஷை வீடியோவில் அழைத்தேன். எடுத்தது வினிதா. அவன் குளிக்கிறான் என்றாள். அவனுக்கென்று வைத்திருந்ததையெல்லாம் அவள்மேல் கொட்டினேன். படித்தவள்தானே, பெற்றவள்தானே, ஒரு முறை பட்டது போதாதா, அந்தத் தழும்பைத் தினமும் பார்க்கவில்லையா, என்ன தைரியத்தில் மறுபடியும் மடியில் வைத்தாய் என்று கேட்டேன்.

வினிதா குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்.

"முடிஞ்சுதா மைனி? இனி நான் ஒண்ணு கேக்கட்டா? அந்த சீட்ட ஏன் அறுத்துப் போட்டீங்க?"

"எந்தச் சீட்?"

"தியாக்க சீட்டு. இவரு கேட்டாருல்ல, இனியாவுக்கு வச்சிட்டுப் போன்னு. எனக்குத் தெரியும், நான்தான் கேக்கச் சொன்னேன். எம் பிள்ள தோள்ல கட்டோட கெடக்கா, நீங்க முற்றத்துல இருந்து அத அறுக்கீங்க. நல்ல சீட்டு. தர மனசில்லேன்னா கொண்டு போயிருக்கலாம். எங்க கண்ணு முன்னால வச்சு அறுக்கணுமா?"

"சுரேஷ் சொல்லலையா? இடிபட்ட சீட்டை மறுபடி வைக்கக் கூடாது வினிதா. அது உள்ளுக்குள்ள உடைஞ்சிருக்கும். அதனாலதான். அவன்கிட்ட சொன்னேனே."

அவள் முகம் திரையில் அப்படியே நின்றது. "ஒண்ணும் சொல்லல" என்றாள். "நான் கேட்டேன். அக்கா தரமாட்டேன்னுட்டான்னு மட்டும்தான் சொன்னாரு."

ஒரு வருடம். ஒரு வருடமாக அவள் என்னைப் பற்றி இதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அனுப்பிய ஒவ்வொரு வீடியோவையும் இதை நினைத்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறாள்.

"இன்னும் ஒண்ணு சொல்லட்டா? நீங்க குரூப்புல ஒரு தடவ போடுவீங்க, அன்னைக்கு நான் சீட்டுப் பேச்சையே எடுக்க முடியாது. எடுத்தா 'அக்கா ஆடச் சொன்னா நீ ஆடுவியா'ன்னு கேப்பாரு. அவருக்கு இது பிள்ளைக்க காரியம் இல்ல மைனி. அக்காகிட்ட தோக்கக் கூடாது. அவ்வளவுதான். இன்னைக்கும் பின்னாலதான் இருந்தேன். படம் எடுக்கணும் முன்னால வான்னாரு. போனேன். எனக்கும் புத்தியில்ல."

கடைப் படியில் நான் நின்ற நிற்பு எனக்குத் தெரியும். ஜெயிப்பதா தோற்பதா என்று நானும்தான் நின்றேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் கிடந்தது அவள் பிள்ளை.

"வினிதா, அன்னைக்கு அந்தக் கடையில நான் வாங்கித் தந்திருக்கணும். கார்டு கையில இருந்தது. வீம்புல வெளிய வந்தேன். கார்லயும் வாயத் திறக்கல. மன்னிச்சுக்க" என்றேன்.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தக் கடைக்குப் போவேன். விளிப்பேன். எடுப்பீங்களா?" என்றாள்.

"எடுப்பேன்."

"திட்டாதீங்க. எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்குவேன்."

7

அங்கே மாலை ஐந்து என்றால் எனக்கு விடியற்காலை. திரையில் கடை தெரிந்தது. சுரேஷ் வந்திருந்தான், உள்ளே வராமல் வாசலில் போனைப் பார்த்தபடி நின்றான். வினிதாவின் இடுப்பில் இனியா. கடைக்காரன் வேறு ஆள். அவனும் முதலில் அந்தப் பூனைத் துணியைத்தான் எடுத்தான்.

"அது வேண்டா" என்றாள் வினிதா. "முத்திர உள்ளது எடுங்க."

அடுத்து வந்தது பெரிதாக, பளபளப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து பன்னிரண்டு வயது வரை போதும் என்றான். போனைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டச் சொன்னேன். ஸ்டிக்கர் இருந்த மாதிரி இருந்தது. கிட்டக் கொண்டுபோனால் அது கடையின் விலைச் சீட்டு. "ஆரு மேடம் இதொக்கெ நோக்குறது?" என்றான் அவன்.

"நான் நோக்குவேன்" என்றாள் வினிதா.

மூன்றாவது சீட்டில் அந்த ஆரஞ்சு நிற முத்திரை இருந்தது. வட்டத்துக்குள் எழுத்து, கீழே எண். எத்தனை கிலோ வரை பின்பக்கம் பார்த்து வைக்கலாம் என்று வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். இனியா அந்த எடைக்குக் கீழேதான். வார் தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழாகவோ வருகிறதா என்று இனியாவை உட்கார வைத்துப் பார்த்தாள். பெல்ட் எந்த வழியாகப் போக வேண்டும் என்று பக்கவாட்டில் வரைந்திருந்ததை அவளே கண்டுபிடித்தாள்.

"வண்டியில வச்சுப் பாக்கணும்" என்றாள்.

"பாக்ஸ் பொளிச்சா எடுக்கணும் மேடம்." பெட்டியைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்கிறான் கடைக்காரன்.

"வண்டியில நிக்கலேன்னா எனக்கு எதுக்கு? வச்சுப் பாக்காம நான் எடுக்க மாட்டேன்." குரல் உயரவில்லை. ஆனால் கடைக்காரன் சுரேஷைத் தேடினான். சுரேஷ் வாசலில் வேறு பக்கம் பார்த்தான். பெட்டி திறந்தது.

காரில் போனை எங்கேயோ சாய்த்து வைத்தாள். பின் இருக்கையில் அவள் முழங்கால் போட்டு ஏறுவது தெரிந்தது. பெல்ட் நீளம் முதலில் போதவில்லை. முறுக்கு விழுந்திருந்தது. எடுத்து மறுபடி விட்டாள். "முழங்காலை அழுத்து. உன் முழு கனத்தையும் போடு. இப்ப இழு" என்றேன். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. மூன்றாவது தடவை பூட்டு விழுந்தது. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினாள்.

"அசையுதா?"

"ஒரு விரக்கடை."

"அவ்வளவு போதும்."

இனியாவை உட்கார வைத்தாள். வாரை இழுத்தாள். தோளில் கிள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் மடிப்பு வந்தது. இன்னும் இழுத்தாள். மறுபடி கிள்ளினாள். இந்த முறை விரல் வழுக்கியது.

இனியா அதுவரை வேடிக்கை பார்த்தவள், கட்டிப்போட்டார்கள் என்று தெரிந்ததும் தொடங்கினாள். "அம்மே, எடுக்கு! அம்மே!" அடித்தொண்டையிலிருந்து வந்த அழுகை. உடம்பை வில்லாக வளைத்து முறுக்கினாள். வினிதா பக்கத்தில் உட்கார்ந்து தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். சுரேஷ் முன்னால் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்துவது கேட்டது.

"எடுத்து மடியில வை, வினிதா" என்றான். "வீடு தா, பக்கத்துல இருக்கு. நாளைக்குப் பழக்கலாம்."

போன் சரிந்து மல்லாந்து கிடந்தது. எனக்குக் காரின் கூரை மட்டும் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். இந்த முறை அது வீம்பு இல்லை.

"அழட்டும்" என்றாள் வினிதா. "நீங்க வண்டிய எடுங்க."

வண்டி உடனே நகரவில்லை. கொஞ்சம் கழித்து எஞ்சின் சத்தம் கேட்டது. ஆரியசாலை வந்து சேரும் வரை இனியா நிறுத்தவே இல்லை. நானும் போனை வைக்கவில்லை.